நான்கு வேலையாட்களும் மும்முரம்

சுருளிவேலுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள். புளியங்காட்டுப்பட்டியில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, நாற்பத்து நான்கு வயதுவரை அங்கேயே இருக்கும் அவர், புளியங்காட்டுப்பட்டியில்தான் குடியிருக்கிறார் என்று அந்தத் தாள் சொல்ல வேண்டும். இதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவருக்கும் இருந்ததில்லை.

செம்பட்டி முக்கு ரோட்டில் அவர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் என்று சுற்றுவட்டாரத்தில் எது கருகினாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் இரண்டு வருஷமாக மெல்லிய செம்புக் கம்பி அவர் கண்ணுக்கு இரண்டாகத் தெரியத் தொடங்கியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி இயக்குபவர் வேலை காலியானது. அவர் மனைவி கருப்பம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி சுவிச்சப் போடணும், வால்வத் திறக்கணும். அதுக்குக் கண்ணு எம்புட்டு வேணும்? போயிக் கேளுங்க.”

ஊராட்சித் தலைவர் சிவனம்மாளுக்கும் அது பிடித்திருந்தது. “மோட்டாரு மக்கர் பண்ணுனா வெளியாளத் தேடி அலைய வேண்டாம் பாருங்க. தீர்மானம் போட்டாச்சு. வேலைக்கு வாரவுக இந்த ஊர்லதான் குடியிருக்காகன்னு இருப்பிடச் சான்று மட்டும் வைக்கணும். ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள வந்தாப் போதும். அது தவறிப்போச்சுன்னா தீர்மானம் செல்லாது, மறுபடி மேல எழுதி வாங்க வருசக்கணக்காகும்” என்றார்.

அன்று 2008ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி. ஐம்பது நாளுக்கு மேல் கையில் இருந்தது. சுருளிவேல் அன்றைக்கே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார்.

மாவட்ட விரைவுச் சான்று நிலையம் திறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கையால் எழுதிக் கொடுக்கிற சான்றுகளையெல்லாம் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் கணினியே கொடுக்கட்டும் என்று ஏற்படுத்தப்பட்ட நிலையம். வாசலில் ‘ஏழே நிமிடத்தில் சான்று’ என்று பலகை. உள்ளே பளிங்குத் தரை, நாற்பது நாற்காலி போட்ட காத்திருப்புக் கூடம், சுவரில் ஒரு பெரிய திரை. கவுண்டரில் ஒப்பந்த வேலையில் இருந்த சத்யபிரியா என்ற பெண் அவர் விவரங்களைத் தட்டி முடித்து, 4417 என்று எண் போட்ட சீட்டைக் கொடுத்தாள்.

“செத்த நேரம் உக்காருங்கண்ணே. திரையில உங்க நம்பருக்கு நேரா ‘முடிந்தது’ன்னு வந்ததும் வாங்க.”

திரையில் ‘4417: வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். கரண்டு போய்விட்டது. அந்த வருஷம் கரண்டு போவதில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. கணினிக்கென்று ஒரு மாற்று மின்கலப் பெட்டி வந்திருந்தது. ஆனால் அதைத் தொடங்கிவைக்க வேண்டியவர் இன்னும் தேதி தராததால் அது அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஜெனரேட்டரை இழுத்து ஓட்டிய பிறகு திரை மறுபடி எரிந்தது.

‘4417: வேலை நடந்துகொண்டிருக்கிறது.’

சாயங்காலம் ஐந்தே முக்கால்வரை அது நடந்துகொண்டிருந்தது. சுருளிவேல் நாளைக்கு வரலாம் என்று கிளம்பினார். மறுநாளும் நடந்துகொண்டிருந்தது. அதற்கு மறுநாளும் நடந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் வந்த 4418, 4419 எல்லாம் ‘முடிந்தது’ வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தன.

ஐந்தாம் நாள் கவுண்டரில் கூட்டமில்லாத நேரம் பார்த்து சத்யபிரியாவிடம் கேட்டார்.

“தாயி, ஏழு நிமிச வேலை அஞ்சு நாளா நடக்குதே, அப்படி என்னதான் பண்ணுது அது?”

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணும் பண்ணலண்ணே. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள நாலு வேலையாளு இருக்காங்கன்னு வச்சுக்கங்க. வர்ற விண்ணப்பத்த ஒருத்தன் எடுப்பான். எடுத்ததும் ‘இது எங்கிட்ட இருக்கு, நடந்துக்கிட்டு இருக்கு’ன்னு ஒரு குறிப்பு எழுதுவான். செஞ்சு முடிச்சதும் ‘முடிந்தது’ன்னு மாத்தி எழுதுவான். உங்கள எடுத்தவன் குறிப்ப எழுதிட்டான். பாதியில கரண்டு போச்சு. கரண்டு வந்து எந்திரிச்சவனுக்குப் பழசு ஒண்ணும் ஞாபகமில்ல. ஆனா குறிப்பு மட்டும் அப்படியே இருக்கு.”

“மத்த மூணு பேரு?”

“அவங்க அந்தக் குறிப்பப் பாத்துட்டு, ‘இது ஒருத்தன் கையில இருக்கு’ன்னு தாண்டிப் போயிருவாங்க. இவனுக்கும் புது வேலை வராது. கையில வேலை இருக்குன்னு குறிப்பு சொல்லுதுல்ல? சும்மா நிக்கிறான்.”

சுருளிவேலுக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் தொழிலில் தினமும் பார்ப்பதுதான். “உறுமும், ஆனா சுத்தாது. மேல இருந்து பாக்குறவன் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பான். சுவிச்ச அமத்தி, கையால ஒரு சுத்துச் சுத்திவிட்டா சரியாப்போகும். அந்தக் குறிப்ப அழிச்சுட்டு ‘காத்திருக்கு’ன்னு எழுதிவிடு தாயி, அடுத்தவன் எடுத்துக்கிடுவான்.”

“ஒரே ஒரு வார்த்தைதான்ணே. ஒரு நிமிசம் ஆகாது. ஆனா எனக்கு அதிகாரமில்ல. மேலாளர்தான் சொல்லணும்.”

நிலைய மேலாளர் மதியழகன் ஐம்பது வயதுக்காரர். பேசும்போது எதிரே நூறு பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார். சுருளிவேல் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“ஐயா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நம்ம நிலையத்தோட அடிப்படை விதி என்ன? நடந்துகொண்டிருக்கும் வேலையை யாரும் கலைக்கக் கூடாது. குறுக்கே கை வைக்கும் பழைய கலாச்சாரத்தை ஒழிக்கத்தான் இந்த நிலையமே வந்தது. உங்க வேலை நடக்குதா இல்லையா? திரையைப் பாருங்க.”

“திரையில நடக்குதுங்க. நெசத்துல நடக்கல.”

“திரைக்கு வெளியே நிஜம்னு ஒண்ணு இருந்த காலத்துலதான் ஊழல் இருந்தது” என்றார் மேலாளர்.

சுருளிவேல் வேறு வழி கேட்டுப் பார்த்தார். “அப்ப அது நடந்துக்கிட்டே இருக்கட்டும். நான் புதுசா ஒரு விண்ணப்பம் குடுத்துர்றேன்.”

“ஒரே ஆளுக்கு ஒரே சான்று இரண்டு தடவை நடக்க முடியாதே.”

“சரிங்க, பழசத் திரும்ப வாங்கிக்கிறேன்.”

“முடிந்த வேலையை மட்டும்தான் திரும்பப் பெற முடியும். நடக்கிறதை எப்படிப் பெறுவீங்க?” மேலாளர் அன்போடு சிரித்தார். “வேலை தேங்கிடுச்சுன்னு நீங்க நினைச்சா அதுக்கும் வழி வச்சிருக்கோம். தேக்கப் புகார். கூடவே தேங்கியிருக்குங்கிறதுக்கு ஆதாரமா ஒரு தாமதச் சான்று வைக்கணும்.”

“தாமதச் சான்று எங்க வாங்கணும்?”

“இங்கதான். ஏழு நிமிஷம்.”

ஆகவே சுருளிவேல் தாமதச் சான்றுக்கு விண்ணப்பித்து, 4983 என்று இன்னொரு சீட்டு வாங்கினார். இரண்டாவது வேலையாள் அதை எடுத்து, குறிப்பெழுதி, வேலையில் இறங்கினான். கரண்டு போனது.

இதே வாரத்தில் கன்னிவாடிக்காரர் ஒருவரின் வாரிசுச் சான்றைப் பிடித்திருந்த மூன்றாவது ஆளும், ரெட்டியார்சத்திரத்துப் பெண் ஒருத்தியின் வருமானச் சான்றைப் பிடித்திருந்த நான்காவது ஆளும் அப்படியே நின்றுபோனார்கள். இப்போது எவர் விண்ணப்பத்தையும் எடுப்பதற்கு ஆளில்லை. திரையின் அடியில் ஒரு வரி புதிதாகத் தோன்றியது: ‘நான்கு வேலையாட்களும் மும்முரமாகப் பணியில் உள்ளனர்.’

மேலாளர் அந்த வரியைப் படம் எடுத்துச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். நூறு சதவீத உழைப்பு. வேறு எந்த மாவட்டத்திலும் மூன்று பேருக்கு மேல் மும்முரமாக இருந்ததில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

வேலை முடிந்து சான்று அச்சாகும் நேரத்தில் விண்ணப்பதாரர் எதிரே இல்லாததால் பல சான்றுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்று அது வருத்தப்பட்டது. ஜூன் பத்தொன்பதிலிருந்து, வேலை நடந்துகொண்டிருக்கும், வரிசையில் காத்திருக்கும் விண்ணப்பதாரர்கள் அனைவரும் அலுவலக நேரம் முழுவதும் காத்திருப்புக் கூடத்தில் இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கும் மாலை ஐந்தே முக்காலுக்கும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் விண்ணப்பம் ரத்து. ரத்தானவர்கள் ஆறு மாதத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது.

சுருளிவேல் அதை இரண்டு தடவை படித்தார். சத்யபிரியாவும் ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். எப்படிப் படித்தாலும் ஒரே அர்த்தம்தான் வந்தது. வந்தாலும் சான்று கிடையாது. வராமல் போனாலோ ஆறு மாதத்துக்குக் கேட்கவும் முடியாது.

அன்றிலிருந்து அவர் காலை எட்டு மணிப் பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பினார். கடை பூட்டிக் கிடந்தது. கூடத்தில் முதலில் நாற்பது பேர் இருந்தார்கள், பிறகு எண்பது, ஜூலை பிறந்தபோது நூற்றைம்பதுக்கு மேல். நாற்காலி கிடைக்காதவர்கள் பளிங்குத் தரையில் துண்டை விரித்தார்கள். வாரிசுச் சான்றுக்காக வந்திருந்த கன்னிவாடி ராமர், சுருளிவேலுக்குப் பக்கத்து நாற்காலி. வருமானச் சான்றுக்காக வந்திருந்த ஆரோக்கியம்மாள் அதற்கடுத்தது. அவள் எல்லாருக்கும் சேர்த்துத் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் கொண்டுவருவாள். மதியம் பொட்டலங்களை நடுவில் பிரித்துவைத்துச் சாப்பிட்டார்கள்.

“எதுவரைக்கும் இப்படி உக்காந்திருக்கறது மாமா?” என்று ராமர் ஒரு நாள் கேட்டார்.

“நடக்குதுன்னு சொல்றாகளே” என்றார் சுருளிவேல். தான் என்ன தொனியில் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு வாரத்தில் செம்பட்டிச் சனங்கள் அவரைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். தக்காளி காய்கிறது, மல்லிகை காய்கிறது, கடை பூட்டியிருக்கிறது, என்ன செய்வார்கள்? பழனிக்குமார் என்ற பூ விவசாயி தன் கிணற்று மோட்டாரைப் பால் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, காத்திருப்புக் கூடத்தின் நடுவில் இறக்கினார். “அண்ணே, நீங்க வெளிய வரக் கூடாதுன்னுதான சொன்னாக? மோட்டாரு உள்ள வரக் கூடாதுன்னு சொல்லலயே.”

சுருளிவேல் ஓரமாக உட்கார்ந்து காயில் கட்டத் தொடங்கினார். கண் தெரியாத இடத்தில் ஆரோக்கியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொடுத்தாள். நாலு நாளில் ஏழு மோட்டார்கள் வந்துவிட்டன. வார்னிஷ் வாடை மேலாளர் அறைவரை போனது. அவர் வெளியே வந்தார், பார்த்தார். விரட்டப்போகிறார் என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவரோ கையைக் கட்டிக்கொண்டு நீண்ட நேரம் ரசித்துவிட்டு, அந்த மாத அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: ‘பயனாளிகள் காத்திருக்கும் நேரத்தைப் பயனுள்ளதாக்க நிலையத்திலேயே தொழிற்கூடம்.’

சென்னையிலிருந்து அதற்கும் ஒரு பாராட்டு.

இதற்கிடையில் ஊரில் தண்ணீர்த் தொட்டி யாருமில்லாமல் கிடந்தது. இரண்டு நாள் குழாயில் காற்று வந்தது. மூன்றாம் நாள் கருப்பம்மாள் சிவனம்மாளிடம் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டாள். “அவரு வார வரைக்கும் நான் போட்டுவிடுறேன். சுவிச்சுத்தான?” ராத்திரி வீட்டுக்கு வரும் புருஷனிடம் வால்வு எந்தப் பக்கம் திருக வேண்டும், மோட்டார் சுடுகிறதா என்று எங்கே தொட்டுப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொள்வாள். அவருக்குக் கிடைக்க வேண்டிய வேலையை அவர் வாய்வழியாகக் கேட்டு அவள் செய்துகொண்டிருந்தாள்.

ஜூலை ஏழாம் தேதி விரைவு நிலையத்தில் விழா. தேங்கிய வேலைகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் தொடங்கிவைக்கப்பட்டது. அதை எழுதிய ஆலோசகர் ரோஹித் சென்னையிலிருந்து காரில் வந்தார். முப்பது வயது இருக்கும். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேலாளர் பேசினார்.

“நம் நிலையத்தில் தேங்கிய வேலை எதுவும் இல்லை என்பது நமக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா? அதை மணிக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டாமா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.”

ரோஹித் நிதானமாக விளக்கினார். “இந்தப் புரோகிராம் மணிக்கு ஒருதடவை எழுந்து எல்லா வேலைகளையும் சுத்திப் பாக்கும். எந்த வேலையாவது முப்பது நிமிஷத்துக்கு மேல நடந்துக்கிட்டே இருந்தா, ‘தேங்கியது’ன்னு உடனே அறிக்கை அடிக்கும்.”

கூடத்தில் இருந்த நூற்றெண்பது பேரும் கை தட்டினார்கள். சுருளிவேலும் தட்டினார். அவர் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. விளக்கு அணைந்து, லட்டு கொடுத்து, கார் கிளம்பிப் போனது. ஒரு மணி ஆனது. இரண்டு மணி ஆனது. அறிக்கை வரவில்லை. சுருளிவேல் கவுண்டருக்குப் போனார்.

“தாயி, அந்தக் கண்டுபிடிக்கிற வேலை எங்க நிக்குது?”

சத்யபிரியா தலையைக் குனிந்துகொண்டாள். “அதுவும் ஒரு வேலைதானண்ணே. அதையும் அந்த நாலு பேர்ல ஒருத்தன்தான் எடுத்துச் செய்யணும். வரிசையில நிக்குது. இருநூத்திப் பதினாறாவது.”

“நம்மளக் கண்டுபிடிக்க வந்தது நமக்குப் பின்னாடி நிக்குதா?”

“மணிக்கு ஒண்ணு வந்து சேருது. சாயங்காலத்துக்குள்ள இன்னும் மூணு நிக்கும்.”

சுருளிவேல் நேராக மேலாளர் அறைக்குப் போய் இதைச் சொன்னார். மேலாளர் கோபப்படவில்லை. “கண்டறியும் பிரிவுக்கு மட்டும் தனி வழி கொடுத்தா மத்த வேலைக்கெல்லாம் அது அநீதி இல்லையா? நம்ம நிலையத்துல யாருக்கும் முன்னுரிமை கிடையாது. வரிசைன்னா வரிசைதான்.”

ஒவ்வொரு நாளும் தேக்க அறிக்கை வெற்றுத் தாளாகச் சென்னைக்குப் போனது. வெற்றுத் தாள் என்றால் பூச்சியம். இருபது நாள் தொடர்ந்து பூச்சியம் காட்டிய நிலையம் மாநிலத்திலேயே இது ஒன்றுதான். ரோஹித் தொலைபேசியில் மகிழ்ச்சி தெரிவித்தார்: “எங்க மென்பொருள் இன்னைக்கு வரைக்கும் ஒரு பொய் எச்சரிக்கைகூடக் கொடுக்கல.” ‘தேக்கமற்ற நிலையம்’ என்ற விருது அறிவிக்கப்பட்டது. சென்னையில், ஜூலை முப்பதாம் தேதி.

விருது அறிவிப்பு வந்த அன்று சுருளிவேல் கடைசித் தடவையாக மேலாளரைப் பார்த்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை; உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

“ஐயா, முப்பத்தொண்ணாந் தேதி என் வேலை போயிரும். தொட்டி வேலை. அது போச்சுன்னா எனக்கு வேற கதியில்ல. கண்ணு போய்க்கிட்டிருக்கு. ஒரே ஒரு வார்த்தைய மாத்தச் சொல்லுங்க. அந்தப் புள்ள நிமிசத்துல செஞ்சிரும்.”

மேலாளர் முதன்முறையாகக் கூட்டத்துக்குப் பேசுவதுபோல் இல்லாமல், ஒரு ஆளிடம் பேசுவதுபோல் பேசினார். “சுருளிவேல், யோசிச்சுப் பாருங்க. அந்த வார்த்தைய மாத்தினா உங்க வேலை இத்தனை நாள் தேங்கியிருந்துச்சுன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். தேக்கமே இல்லைன்னு விருது வாங்கப் போறவன் ஒத்துக்க முடியுமா? நேத்து வந்து கேட்டிருந்தாக்கூடப் பாத்திருக்கலாம்.”

“நான் நேத்தும் கேட்டேன்யா.”

“நேத்து விருது வரும்னு எதிர்பார்ப்பு இருந்துச்சே” என்றார் மேலாளர்.

முப்பதாம் தேதி மேலாளர் விருது வாங்கச் சென்னை போயிருந்தார். மதியம் மூன்று மணி. கூடத்தில் மின்விசிறி சுற்றும் சத்தமும் ஆரோக்கியம்மாளின் இருமலும் தவிர வேறில்லை. சுருளிவேல் எட்டாவது மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பி கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. சத்யபிரியா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் மேலாளர் அறைக் கதவைத் திறந்தாள். அவருடைய கடவுச்சொல் அவருடைய மேசைக் கண்ணாடியின் அடியில், அவர் கையெழுத்திலேயே இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்துத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

திரை ஒரு கணம் இமைத்தது. 4417 முடிந்தது. 4983 முடிந்தது. ராமருடைய எண் முடிந்தது. ஆரோக்கியம்மாளின் எண் முடிந்தது. நான்கு வேலையாட்களும் உண்மையாகவே எழுந்துவிட்டார்கள். எண்கள் மழைபோல இறங்கின. அச்சு இயந்திரம் நிறுத்தாமல் தாளைத் துப்பியது. சனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். யாரோ விசிலடித்தார்கள். நாற்பது நிமிஷத்தில் மொத்த வரிசையும் தீர்ந்துபோனது. கடைசியில் நின்ற தேக்கம் கண்டறியும் வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, சுற்றிப் பார்த்து, ‘தேங்கிய வேலை எதுவும் இல்லை’ என்று அறிக்கை அடித்துவிட்டுப் போயின.

சத்யபிரியா சுருளிவேலின் தாளை எடுத்து நீட்ட வந்தாள். வழியிலேயே அதைப் படித்துவிட்டாள். அவள் முகம் மாறியது.

“அண்ணே...” என்றாள்.

அவர் தாளைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டினார். ‘விண்ணப்பதாரர் புளியங்காட்டுப்பட்டியில் வசிப்பதாகக் கூறியுள்ளார். எனினும் ஜூன் 19 முதல் தொடர்ந்து முப்பத்தாறு வேலை நாட்கள், காலையும் மாலையும், திண்டுக்கல் காத்திருப்புக் கூடத்தில் இருந்தமை அவரது சொந்தக் கையெழுத்தால் உறுதியாகிறது. ஆகவே அவர் புளியங்காட்டுப்பட்டியில் வசிக்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

வேலையாள் ஒழுங்கானவன். எதை எடுத்தாலும் எல்லாப் பதிவேடுகளையும் சரிபார்த்துத்தான் முடிப்பான்.

கூடத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் தாளைப் படித்து முடித்துக்கொண்டிருந்தார்கள். விசில் நின்றுவிட்டது. எந்தச் சான்று கேட்டிருந்தாலும், ஒரு நாளும் தவறாமல் வந்தவர்களுக்கெல்லாம் அதே பத்திதான். இடையில் வராமல் ரத்தானவர்களுக்கு மட்டும்தான் ஆறு மாதம் கழித்து வந்தால் ஏதோ வழி உண்டு.

சுருளிவேல் ஊருக்கு வந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. கருப்பம்மாள் தொட்டியடியில் வால்வைத் திருகிக்கொண்டிருந்தாள். தெருவில் குடங்கள் வரிசையாக இருந்தன.

“என்னங்க, இம்புட்டு வெரசா வந்துட்டீக?”

அவர் தாளை நீட்டினார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள். ஆத்திரப்படுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

“அவுக எழுதுனது பொய்யா?” என்றாள். “விடிஞ்சதும் போறீக, இருட்டுனப்புறம் வாறீக. சுவத்த இடிச்சுக்கிட்டு வந்து படுக்கறவரு இந்த ஊர்ல குடியிருந்ததா நான்கூடக் கையெழுத்துப் போட முடியாது.”

சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவர் வால்வை வாங்கித் திருகினார். எந்தப் பக்கம் என்று அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஊராட்சி வால்வைப் புதிதாக மாற்றியிருந்தது அவருக்குத் தெரியாது.

மறுநாள் தீர்மானம் செல்லாமல் போனது. தொட்டி இயக்குபவர் பணியிடம் காலி என்று ஊராட்சிப் பதிவில் எழுதப்பட்டது. கருப்பம்மாள் காலையும் மாலையும் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். சத்யபிரியாவை, நடந்துகொண்டிருந்த நான்கு வேலைகளைக் கலைத்த குற்றத்துக்காக வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் போகும்போது ராமரும் ஆரோக்கியம்மாளும் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனார்கள். மேலாளர் விருதோடு திரும்பி வந்து, அவள் செய்ததால் நிலையத்தின் உழைப்பு நூறு சதவீதத்திலிருந்து பூச்சியத்துக்கு விழுந்துவிட்டதாக வருந்தி ஒரு கடிதம் எழுதினார். அதை யாரும் மறுக்கவில்லை. வரிசையில் வேலையே இல்லை.

சுருளிவேல் மோட்டார்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து செம்பட்டிக் கடையை மறுபடி திறந்தார். அதோடு விட்டது என்றுதான் நினைத்தார்.

அக்டோபரில் கருப்பம்மாள் ரேஷன் கடையிலிருந்து கோபமாக வந்தாள். “உங்க பேரு நம்ம கார்டுல இல்லையாம். வேற ஊருக்குப் போயிட்டீகன்னு மேலயிருந்து வந்திருக்காம்.”

விரைவு நிலையம் ஒருவர் இருப்பிடத்தைத் தீர்மானித்துவிட்டால், அதைத் தொடர்புள்ள எல்லா இடங்களுக்கும் தெரிவித்துவிடும். இந்த ஒரு வேலை மட்டும் எந்தக் கரண்டு வெட்டிலும் நிற்காமல், எந்த ஆள் கையிலும் தங்காமல், எல்லா ஊருக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. புதுக் கார்டில் அவர் முகவரி அச்சாகி வந்தது: காத்திருப்புக் கூடம், மாவட்ட விரைவுச் சான்று நிலையம், திண்டுக்கல். குடும்பத் தலைவர், அவரே. உறுப்பினர்கள், ஒருவர்.

மாற்றவேண்டும் என்றால் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஏழு நிமிஷம்தான் ஆகுமாம். அவர் விண்ணப்பிக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, தன் பங்கு அரிசியை வாங்கச் சாக்குப் பையோடு திண்டுக்கல்லுக்குப் போனார். நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்தது அந்த முகவரிக்கான ரேஷன் கடை. வரிசை சந்து முனைவரை நீண்டிருந்தது. இத்தனை சனம் இந்தச் சந்திலா குடியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டே கடைசியில் போய் நின்றார்.

முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கன்னிவாடி ராமர். அவருக்கு முன்னால் ஆரோக்கியம்மாள். அவளுக்கு முன்னால், கூடத்தில் தூணோரம் துண்டு விரித்துப் படுத்திருந்த அந்தப் பெரியவர். தலையைச் சாய்த்துப் பார்த்தால் இன்னும் முன்னால், எல்லாரும், எல்லாரும்.

ராமர் சற்றே விலகி அவருக்கு இடம்விட்டார்.

“வாங்க மாமா” என்றார். “உங்களத்தான் காணோமேன்னு பாத்தேன். நம்ம தெருக்காரவுக எல்லாரும் வந்துட்டாக.”